பழைய எல்லைக்குள் நான்கு டிகிரி

அன்புள்ள மகளுக்கு,

நாற்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று, இனி முடியாது. உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மாவும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறாள், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் என்பது குளிர்பதனப் பெட்டிக்குள் மட்டும்தான். அம்மா காய் நறுக்குவதைக் குளியலறைக்கு மாற்றிக்கொண்டாள், வீட்டில் அந்த ஒரு தரைதான் காலைச் சுடுவதில்லையாம். உன் சித்தப்பா பின்பக்கத்து மரங்களை வெட்டி, மண் தெரியாமல் சிமெண்டு பூசி, இரண்டு கார் நிறுத்த இடம் செய்துகொண்டான். செய்துவிட்டு என்னிடமே வந்து, "என்னண்ணே, இந்த வருஷம் இப்படிக் கொதிக்குது" என்று கேட்கிறான். அவன் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை நான் விட்டுப் பல வருடமாகிறது.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், போன முறை அப்படித்தான் ஆயிற்று. அன்றைக்கு நீ என்னை முடிக்க விடவில்லை, அதனால் முதலிலிருந்து கோர்வையாக எழுதுகிறேன். நம் தெருவுக்குக் கிழக்கே இருக்கும் சதுப்பையும் தோப்பையும் நிரவி நாற்பது அடுக்குமாடிகள் கட்ட என் மாநகராட்சி திட்டம் போட்டது. அதனால் சூடு கூடுமா என்று ஆராய்ந்து சொல்ல உன் நிறுவனத்தை அமர்த்தியது. இருபது வருடத்தில் கட்டடங்கள் இரண்டு மடங்காகியும் நகரத்துத் தரையின் சராசரி வெப்பநிலை ஏறவே இல்லை, கொஞ்சம் இறங்கியும் இருக்கிறது, ஆகவே தாராளமாகக் கட்டலாம் என்று உன் அறிக்கை சொல்கிறது. முதலில் அதைப் பெருமையோடுதான் படித்தேன், பொய் சொல்லவில்லை. அட்டையில் உன் பெயர், அதற்கு முன்னால் இனிஷியலாக என் எழுத்து. நாற்பத்தொன்றாம் பக்கத்து வரைபடத்தில்தான் கண் நின்றது. வடமேற்கு மூலையில் நீலமாக ஒரு நீர்த்தேக்கம். அது நகரத்துக்குள் என்றைக்கு வந்தது? எட்டு வருடத்துக்கு முன்னால் எல்லையை விரித்தார்களே, அப்போது வந்தது. வரைபடப் பிரிவில் உட்கார்ந்து அந்தப் புதிய எல்லையை மூலை மூலையாக வரைந்தவன் நான், எனக்குத் தெரியாமல் போகுமா? இருபது வருடத்துக்கு முந்தைய சராசரியைப் பழைய எல்லைக்குள் எடுத்திருக்கிறாய். இன்றைய சராசரியைப் புதிய எல்லைக்குள் எடுத்திருக்கிறாய். நீர்த்தேக்கத்தையும் வயலையும் குன்றுக் காட்டையும் சேர்த்துக் கூட்டி வகுத்தால் எரிகிற அடுப்பும் ஆறிப்போனதாகத்தான் காட்டும். நீ பயன்படுத்திய அதே செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பழைய எல்லைக்குள் மட்டும் நான் கணக்கிட்டேன். நான்கு டிகிரி ஏறியிருக்கிறது. இதைக் கேட்டதற்கு நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "எல்லை ஃபைல் உங்க கார்ப்பரேஷன் குடுத்ததுப்பா, குடுத்ததை வெச்சு கணக்கை ஓட்டினேன். இப்ப இது வெளிய வந்தா என் வேலை போயிடும், கொஞ்ச நாள் சும்மா இருங்க." சும்மா இருந்தேன். தெரியாமல் செய்ததைத் தவறு என்பார்கள். தெரிந்த பிறகு நாற்பது நாள் மூடி வைத்ததற்கு என்ன பெயர் என்று நீயே சொல், எனக்கும் சேர்த்தே சொல்.

கணக்கை நம்பாதவர்களுக்காக, சுவரைப் பார்த்துப் பிடித்தால் சூட்டைக் காட்டும் கைக்கருவி ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில், செயற்கைக்கோள் தலைக்கு மேலே போகிற காலைப் பத்தரைக்கு, தெருத்தெருவாகப் போய் அளக்கிறேன். தோப்பு நிழலில் முப்பத்தொன்று. நம் தெருத் தாரில் நாற்பத்தொன்பது. சதுப்பின் கரையில் தகரக்கூரை வீட்டில் இருக்கிற தையற்காரி உனக்கு ஞாபகமிருக்கும், உன் பள்ளிச் சீருடையெல்லாம் தைத்தவள். அவள் கூரையில் ஐம்பத்தெட்டு. சொன்னேன். "ஏண்ணே, நீங்க நம்பர் சொன்னாத்தான் எனக்குச் சுடுமா?" என்று சிரித்தாள். வெயில் ஏறுவதற்குள் தைத்து முடித்துவிட்டு, பிறகு சதுப்புப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்துக் கிடக்கிறாள், அந்தக் காற்றுதான் அவளுக்கு மின்விசிறி. போன மாதம் ஒரு நாள் அவசரத் துணி என்று பத்து மணி தாண்டியும் தைத்து, மயங்கி மெஷின் மேலேயே சாய்ந்து, ஊசி விரலுக்குள் போய்விட்டது. அந்தக் கதவுக்கு எதிரே நாற்பது அடுக்குமாடிகள் வந்தால் அவள் எங்கே போவாள்? உன் அறிக்கையில் எந்தப் பக்கத்திலும் அவள் இல்லை.

உன் அறிக்கையை எதிர்த்து நான் மனு எழுதுகிற விஷயம் என் மேலதிகாரிக்கு எப்படியோ எட்டிவிட்டது. கூப்பிட்டு உட்காரவைத்து, "சொந்தப் பொண்ணு ரிப்போர்ட்டை எதிர்த்து அப்பாவே மனுவா? ஊரே சிரிக்கும் சார்" என்றார். சிரிக்கட்டும், இந்தப் புழுக்கத்தில் அவர்களுக்கும் ஏதாவது ஆறுதல் வேண்டுமே என்று சொல்லிவிட்டு வந்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் போட்ட முதல் வெப்ப வரைபடத்தில் என் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டு, மாநாட்டில் கைதட்டல் வாங்கிக்கொண்டு, பிறகு அலமாரியில் வைத்துப் பூட்டிய மகான் இவர்தான். நான் அதை மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை. அன்றைக்கு நான் சண்டை போட்டிருந்தால் இந்த எல்லைக் கோப்பு உன் கைக்கு வந்தே இருக்காதோ என்னவோ. ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது, எந்த மூலைக்கு வேண்டுமானாலும் மாற்றட்டும். அம்மா சொன்னதுதான் குத்துகிறது. "பொண்ணு வயித்துல அடிச்சிட்டு எந்த மரத்தைக் காப்பாத்தப் போறீங்க?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு நான்கு நாளாகப் பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள். அப்படியும் நான் பின்வாங்கப் போவதில்லை.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். இந்தக் கடிதம் பத்து நாளில் உனக்குக் கிடைக்கும், அதன் பிறகும் முழுதாக ஒரு வாரம் இருக்கும். இருபது வருடத்துக்கு முந்தைய கணக்குக்கும் இன்றைய கணக்குக்கும் ஒரே எல்லையைக் கொடுத்துத் திரும்ப ஓட்டிப் பார், அரைமணி நேர வேலை. திருத்தத்தை நீயே, உன் பெயரிலேயே அனுப்பு. அனுப்பினாய் என்றால் என் மனுவில் உன் அறிக்கையைப் பற்றிய பக்கத்தை எடுத்துவிட்டு, தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தியவள் என் மகள் என்று அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வேன். அனுப்பவில்லையா, பக்க எண்ணோடு, இரண்டு எல்லைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றையும் நானே வாசிப்பேன். உன் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன், ஆனால் அட்டையில் இருப்பதைப் படிக்க எல்லோருக்கும் தெரியும். கோபப்படு, பேசாமல் இரு, அப்பா யாரோடும் ஒத்துப்போகத் தெரியாத மனுஷன் என்று நீ எல்லோரிடமும் சொல்வதை இன்னும் நாலு பேரிடம் சொல். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. வேலை போனால் இங்கே வந்துவிடு. உன் அறையில் ஒரு பொருளையும் நகர்த்தவில்லை, என்ன, மேற்குச் சுவர் மட்டும் சாயந்திரம் கையை வைக்க முடியாமல் சுடும்.

கழுத்து வலிக்கு மருத்துவரைப் பார் என்று மூன்று முறை சொல்லியாயிற்று, இது நான்காவது. மாப்பிள்ளையிடம் இதைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நிமிர்ந்து இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்திதான், அவள் பேசாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

மனுவில் முழுப் பெயர், பதவி, வீட்டு முகவரி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன். அதை யாரும் தூக்கிப் போட முடியாது. இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் போவதில்லை. கையெழுத்தில்லாத கடிதத்தின் மேல் நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை என்பது எந்த அலுவலகத்திலும் உள்ள விதி. உனக்கு அந்த வழி வேண்டுமென்றால் திறந்துதான் வைக்கிறேன், கிழித்துப் போட்டுவிடு, இப்படி ஒன்று வந்ததா என்று நானும் கேட்க மாட்டேன். பன்னிரண்டு மணிக்குத் தபால்பெட்டியைத் திறந்து எடுத்துப் போவார்கள். அதற்குள் இதை மொட்டைக் கடிதமாகவே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன்.