முதல் காம்பராவில் இருக்கும் அம்மி

ஜூன் 3, செவ்வாய். விடிந்ததிலிருந்து மழை.

ஹோட்டல் மாட்டிய விளக்கப் பலகையில் இருப்பது பொய். தமிழில் எழுதியவள் நான்தான். ஆங்கிலத்தில் தந்ததைத் தமிழாக்கினேன்: "அக்காலத் தோட்ட மக்கள் ஒரே அறையில் வாழ்ந்தார்கள். விறகடுப்பில் சமைத்தார்கள். அம்மியில் அரைத்தார்கள்." எல்லாம் இறந்தகாலம். இறந்தது யார் என்று தெரியவில்லை.

துரை பங்களா இப்போது ஹோட்டல். எங்கள் லயத்தின், அந்த வரிசை அறைகளின், முதல் காம்பராவை எடுத்து, பழைய கால வீடு என்று காட்டுகிறார்கள். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. இரண்டாவது காம்பரா ரோசலின் அத்தையுடையது. இன்னும் ரப்பர் பால் வெட்டப் போகிறாள். நடுவில் ஒரு சுவர். முதல் காம்பராவுக்குப் புதுத் தகரம். அத்தையின் கட்டிலுக்கு மேலே ஓட்டை, கட்டிலில் ஒழுகல் பிடிக்க ஒரு பேசின்.

உள்ளே வைத்திருப்பவை: குப்பி லாம்பு, கம்பளி, பால் வாளி, பாடாத ரேடியோ, அம்மி.

அம்மி அத்தையுடையது. அதைக் கொடுத்தால் அவள் கூரையையும் மாற்றித் தருவதாகச் சொல்லி எடுத்துப் போனார்கள்.

ஜூன் 5, வியாழன். கொஞ்சம் வெயில்.

கொழும்பிலிருந்து பள்ளிக்கூட பஸ். பொது அறிவுச் சுற்றுலாவாம். "முன்பு பெண்கள் அம்மியில்..." என்று நான் தொடங்க, அத்தை தேங்காய்ப்பூவும் காய்ந்த மிளகாயுமாக உள்ளே வந்தாள். குந்தினாள். சம்பல் அரைத்தாள். தினமும் அப்படித்தான். அவளுக்கு வேறு அம்மி இல்லை.

"டீச்சர், இவங்க நடிகையா?" என்றாள் ஒரு சிறுமி.

"நடிகைதான் தாயி. படந்தான் முடிய மாட்டேங்குது."

டீச்சர் பிள்ளைகளிடம்: "பாத்தீங்களா, அந்தக் காலத்துல எவ்வளவு ஆரோக்கியமான வாழ்க்கை!"

"ஒரு மழைக்கு வந்து தங்குங்க டீச்சர். பேசினு நான் தாறேன்."

சிரித்துவிட்டேன். பிள்ளைகள் அத்தை பின்னாலேயே அவள் காம்பராவுக்குள் போய்ப் பேசினைப் படம் எடுத்தார்கள். அதுவும் கண்காட்சி என்று நினைத்து.

குடை தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி. பலத்த மழை.

ஹோட்டல் மெனேஜர் மாத்தயாவுக்கு ஒரே சந்தோஷம். அத்தை தினமும் பஸ் வரும் நேரத்துக்கு வந்து அரைக்க வேண்டுமாம். அவள் காம்பராவையும் காட்டலாமாம். அவள் கூரை என்னாச்சு என்றேன். சிங்களத்தில் சொன்னார்: "அந்தத் தகரத்தைத் தொடாதே நங்கி. துருதான் அழகு."

அத்தையிடம் சொன்னேன். பேசின் தண்ணீரை வாசலில் வீசினாள்.

"துரு அழகாமா? கழட்டிக் குடுக்கிறேன், அவரு ஊட்டுல மாட்டிக்கச் சொல்லு."

ஈர மெத்தையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 7, சனி. மழை.

காலையில் பலகையில் "அரைத்தார்கள்" என்பதை "அரைக்கிறார்கள்" ஆக்கினேன். வாழ்கிறார்கள். சமைக்கிறார்கள். ஹோட்டலில் தமிழ் வாசிக்க ஆளில்லை. யாரும் கவனிக்கவில்லை.

பிறகு அத்தையும் நானும் அம்மியைத் தூக்கி அவள் காம்பராவில் வைத்தோம். நல்ல பாரம். வேலை போகும். போகட்டும்.

மெனேஜர் குடையோடு ஓடி வந்தார். பஸ் வளைவில் ஏறும் சத்தம். எங்கள் ஈரக் கால்தடம் பதிந்த முதல் காம்பராவின் தரையில் அம்மி இருந்த இடம் மட்டும் காய்ந்து வெள்ளையாக.

"மிரிஸ்கல கோ?" அம்மி எங்கே என்று.

அத்தைக்குச் சொன்ன தகரத்தை அவர் பாஷையிலேயே கேட்டேன்.

"தகரன் கோ, மாத்தயா?"

பஸ் வந்து நின்றது.