சீட்டின் உயரம்

பத்து நாளா என்னோட பேசாத உங்களுக்கு,

பஸ் கட்டுப்படியாகாதுன்னு நீங்க நம்ம ரெண்டு பேருக்குமா ஒரே பழைய சைக்கிளை வாங்கிட்டு வந்தப்ப நான் கத்தினது நிஜம்தான். நீங்க அச்சகத்துல நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்ததும், ஸ்பானரோட மல்லுக்கட்டி சீட்டை என் உயரத்துக்கு இறக்கிட்டுத்தான் தினமும் லாண்டரி வேலைக்குப் போறேன். நேத்து ஸ்பானர் வழுக்கி, சாயங்காலம் விரல்ல கட்டோட வந்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி கிளம்பிட்டீங்க.

தினமும் நீங்க ஏத்திட்டுப் போற சீட்டு இன்னைக்குக் காலையில இறங்கியே இருந்துச்சு. போகும்போதும் வரும்போதும் முழங்கால் தாடையில இடிக்க மிதிச்சீங்களாம். தெருமுனைக் கடைக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். எனக்கும் லாண்டரி வரைக்கும் சிரிப்பு அடங்கல.

இப்ப நானே சீட்டை ஏத்தி வச்சிருக்கேன். நிமிர்ந்து உட்கார்ந்து போங்க.

காலையில வந்ததும் படுத்துடாதீங்க. ஸ்பானரை எப்படிப் பிடிக்கிறதுன்னு சொல்லிக் கொடுங்க. எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிக் கொடுங்க.

இப்படிக்கு,
சைக்கிள்ல பாதிச் சொந்தக்காரி