ரோசுவை எங்கே வைப்பது

ஆடி 6, செவ்வாய்

காற்று. புழுதி. மழை இல்லை. பட்டாசுக் கம்பெனிக்கு இன்றும் போகவில்லை. மதுரை கன்னியர் மடத்திலிருந்து மதர் போன். அங்கிருந்து சிஸ்டராகப் போய், சனிக்கிழமை காய்ச்சலில் இறந்துபோன என் மகள் ரோசு, தான்சானியா ஆஸ்பத்திரியில் ஐஸ் பெட்டியில்தான் இன்னும் இருக்கிறாளாம்.

"அங்கயே அடக்கம் பண்ணவா, இங்க கொண்டு வரவா? பெத்தவங்க நீங்கதான் சொல்லணும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க கையால எழுதிக் குடுங்க."

மூணாப்பு படித்தவள் நான். என்னத்தை எழுத.

ஆடி 7, புதன்

தம்பி அந்தோணி விஸ்வநத்தத்திலிருந்து வந்தான். கையில் கோடித்துணி. செத்தவளுக்குப் போர்த்துகிற வெள்ளைச் சேலை, கடைப் பையோடு.

"தாய்மாமன் கோடி போடாம எம் மருமகளுக்கு மண்ணு விழுமா? கொண்டாரச் சொல்லுக்கா."

"மடத்து உடுப்புதாம்லே போடுவாக."

"போடட்டும். அதுக்கு மேல நான் போடுறேன்."

அழுதான். சோறு வைத்தேன், தின்றான். கொண்டுவரச் சொல்லிவிடலாம் என்றுதான் எனக்கும். முகம் பார்த்து ஆறு வருஷம்.

வாங்க வேண்டியது: சீனி, மெழுகுவர்த்தி, பேனா.

ஆடி 8, வியாழன்

கம்பெனியில் கூட வேலை பார்க்கிற முத்துலட்சுமி துட்டி விசாரிக்க வந்தாள்.

"கட்டிக் குடுத்திருந்தா பக்கத்து ஊர்லயாச்சும் இருந்திருப்பா. அம்புட்டுத் தூரம் போயி யாருக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தாளாம்?"

ரோசு ஒரு தடவை போனில் சொன்னாள்: "எங்கிட்டப் படிக்கிறவுக எல்லாம் பொம்பளைகம்மா. பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு எழுதுறாக." அப்போது சிரித்தேன். கோபமும்தான். எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் உட்கார்ந்தாளா?

சாயங்காலம் மதர் ஒரு படம் அனுப்பினார்கள். அந்தோணி போனில் பார்த்தோம். ரோசுவின் வகுப்பறை. நடுவில் அவளுக்குச் செய்த சவப்பெட்டி, இன்னும் அவளை வைக்காமல். உள்ளே துணி துணியாக. மஞ்சள், சிவப்பு, பூப்போட்டது. படிக்கிற பொம்பளைகள் இடுப்பில் கட்டுகிற துணியாம். யாரும் சொல்லாமல் ஆளுக்கொன்று கொண்டுவந்து போட்டார்களாம்.

அந்தோணி விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கி எண்ணினான்.

"இம்புட்டுக் கோடியா? இவளுக்கு எத்தன மாமன்க்கா?"

"பூராம் பொம்பளைக போட்டதுலே."

மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான்.

ஆடி 9, வெள்ளி

தலைவலி. கண் எரிச்சல். கம்பெனி வேனில் வரச்சொல்லி போர்மேன் ஆள் விட்டார், தீபாவளி சீசனாம். போகவில்லை.

எழுதினேன். நாலு தாள் வீண். ஐந்தாவதில்: என் மகள் ரோசுவை அங்கேயே வையுங்கள். அந்தத் துணியை எடுக்க வேண்டாம். அதன்மேல் படுக்க வையுங்கள். கையெழுத்து கோணல். அந்தோணி அதைப் படம் எடுத்து மதருக்கு அனுப்பினான். "சரியாத்தான் எழுதிருக்க" என்றான். கோடியை என் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

ஆடி 10, சனி

அங்கே பத்து மணி, நமக்குப் பன்னிரண்டரை. அங்குள்ள ஒரு சிஸ்டர் வீடியோவில் காட்டினார்கள். சிவப்பு மண். நம் ஊர் வெயில்தான். குழிக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளை, ரோசுவிடம் படித்தவளாம், நரைத்த தலை, தாளை இரண்டு கையாலும் பிடித்து வாசித்தாள். எழுத்துக் கூட்டி. நின்று நின்று, விட்ட இடத்தில் திரும்ப. ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. பாஷை ஒன்றும் புரியவில்லை. நடுவில் ரோசு பேர் வந்தது. அதில் மட்டும் அவள் தடுமாறவில்லை.