சேதி சொல்லப் போன கோழி

மார்ச் 3, திங்கள்

மேசையில் நாற்பத்தாறு கதைகள். மனிதனுக்குக் கஷ்டம் எப்படி வந்தது என்று பல ஊர்களில் சொன்ன நாட்டுக்கதைகள். எங்கள் காப்பகத்துக்காக ஒவ்வொன்றுக்கும் நான் புதிதாக ஓர் அட்டை எழுத வேண்டும்: என்ன கதை, அதில் முடிவெடுத்தது யார், எதனால் கெட்டது. எனக்கு முன்னால் இந்த நாற்காலியைத் தேய்த்த மகானுபாவர், பாதி அட்டைகளில் 'பெண்ணால்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக ஓய்வு பெற்றிருக்கிறார். திறக்காதே என்ற பெட்டியைத் திறந்தவள், இரண்டு பானையில் கனமானதை எடுத்தவள்... புருஷன் பக்கத்திலேயேதான் நின்றிருக்கிறான். அவனுக்கு அட்டையில் இடமில்லை.

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினேழாவது கதை. படைத்தவன் கோழியைக் கூப்பிட்டு, "உழைக்காமலே சோறு கிடைக்கும்னு மனுஷங்ககிட்ட போய்ச் சொல்லு" என்றானாம். கோழி வாசலுக்கு வாசல் நின்று, யார் வீட்டில் என்ன சண்டை என்று விசாரித்தது. போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது, சேதியில் பாதி மறந்தும் போச்சு. "உழைச்சாத்தான் சோறு" என்றது. தொலைந்த பாதியைத்தான் இன்னும் தரையைக் கிளறித் தேடுகிறதாம்.

சிரித்தேன். சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது.

பிரிவுத் தலைவர் எட்டிப் பார்த்தார். எதற்கும் ஒரே சொல்தான் பேசுவார். முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்திருக்கிறேன். "உடம்பா?" என்றார்.

"கோழி சார்."

போய்விட்டார்.

மார்ச் 6, வியாழன்

எழுதிவிடுகிறேன். இங்கேகூட இதுவரை எழுதியதில்லை.

இருபத்திரண்டு வருஷம் முன்னால், புதன்கிழமை காலை தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன். புது வீட்டில் அவளுக்குப் போன் இணைப்பு வரவில்லை. வெளியூரில் இருந்த அண்ணன் (என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவன்) செவ்வாய் மத்தியானம் என் ஆபீசுக்குப் பேசினான். "வியாழக்கிழமைதான் லீவு குடுத்திருக்காங்க. ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லு. நான் பக்கத்துல இருக்கணும்."

சாயங்காலமே அவள் வீட்டுக்குக் கிளம்பினேன். வழியில் ஒரு சிநேகிதி வீடு. அவளுடைய மாடிவீட்டுக்காரி ஓடிப்போய்விட்டாள். அதுவும் யாரோடு — பல் டாக்டரோடு! முழுக் கதையும் கேட்காமல் எழுந்துவர மனசு வருமா? வரவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குத் திரும்பினேன். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால், அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

வியாழன் அன்று பையும் கையுமாக அண்ணன் வந்தான். "எனக்காக ஒரு நாள் பொறுக்கலையே" என்றான் என்னிடம். உள்ளே அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "எல்லாம் முடிஞ்சப்புறம் விருந்தாளி மாதிரி வர்றாரு" என்றாள், அதுவும் என்னிடம்தான். இரண்டுக்கும் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். வாயை மூடிக்கொண்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக!

இரண்டும் ரோஷக்கார ஜென்மங்கள். அன்றோடு பேச்சு நின்றது. கல்யாணமோ சாவோ, நடுவில் நான் தபால்காரி. அந்த உத்தியோகம் எனக்குப் பிடித்தும் இருந்தது. தூ.

வரும் இருபதாம் தேதி அண்ணன் கடல் தாண்டி மகள் வீட்டுக்குப் போகிறான். ஒரேயடியாக.

மார்ச் 7, வெள்ளி

வீட்டில் இவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்தார். முப்பது வருஷத்தில் எனக்காக மடித்தது இது மூன்றாவது தடவை. "ஊர் ரகசியம் எதுவும் உன் வாயில நிக்காதே. இது மட்டும் எப்படி நின்னுச்சு?"

சொன்னால் இரண்டு பேரும் எனக்கு இல்லை. சொல்லாவிட்டால்? ஒருத்தருக்கு ஒருத்தர் இல்லாமல்தானே இத்தனை வருஷம் ஆக்கி வைத்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே கொட்டிவிட்டேன். சட்டை கருகிய வாசனை வந்தது. இருவரும் அசையவில்லை.

"அப்ப அண்ணன் வர்றேன்னு சொல்லியிருந்தாரா?"

"ஆமாண்டி."

"பக்கத்துல இருக்கணும்னு?"

"ஆமா."

"இத்தனை வருஷமா நான் அவரைத் திட்டினதெல்லாம் உனக்கு வர வேண்டியதா, அக்கா?"

"இப்ப குடு. வாங்கிக்கிறேன்."

கொடுத்தாள். ஒரு மணி நேரம். சில வார்த்தைகள் நானே கேள்விப்படாதவை! மூச்சு வாங்க அவள் நின்றபோது, "அண்ணன்கிட்ட நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றேன்.

"நீ வாயே திறக்காத! உன்னை நம்பி இனிமே ஒரு சேதி போகாது." கருகிய சட்டையை அப்படியே விட்டுவிட்டு அண்ணன் ஊருக்குப் பஸ் ஏறினாள்.

மார்ச் 10, திங்கள்

ஒரு போன் இல்லை. ஓர் அட்டை எழுதவில்லை. முற்றுப்புள்ளி வந்து, "கோழியா?" என்றார். தலையாட்டினேன்.

மார்ச் 11, செவ்வாய்

அண்ணன் பேசினான். "கழுதை" என்றான், சின்ன வயதில் கூப்பிட்ட அதே மாதிரி. வைத்துவிட்டான். உட்கார்ந்து நன்றாக அழுதேன். அப்புறம் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணன் போய் மூன்று நாள். எப்படியிருக்கிறான் என்று கேட்கக் காலையில் கூப்பிட்டேன்: வேறொரு அழைப்பில் இருக்கிறாராம். சரி, தங்கையிடம் கேட்கலாம் என்றால், அவளும் வேறொரு அழைப்பில். குளித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்படியேதான். துணி துவைத்துவிட்டுப் பார்த்தேன். அப்படியேதான்.

என்னதான் பேசிக்கொள்கிறார்களோ! எனக்கு யாரும் சொல்லப் போவதில்லை. துணி காயப் போடப் போகிறேன்.