ஐஸ்கிறீம் கொண்டுவந்தவர் மட்டும் குற்றவாளி அல்ல

அன்பையும் கோபத்தையும் சரிபாதியாக என்னிடம் விட்டுவிட்டுப் போன அண்ணைக்கு,

மற்றவர்கள் உங்களை ஒளிவிளக்கு, ஆலமரம் என்று எழுதுவார்கள். எனக்கு அது வராது. நீர்வேலியில் வாழைக்குலை வாங்கி விற்று ஆளானவள் நான். குலையைத் திருப்பிப் பார்க்காமல் விலை சொல்லிப் பழக்கமில்லை. மனிதரையும் அப்படித்தான் பார்க்கிறேன். நீங்கள் போன பிறகு உங்களையும் திருப்பிப் பார்க்க வேண்டி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டிலிப்பாயில் உங்கள் வீட்டில் இருந்து பார்த்த படங்களை நினைக்கிறேன். ஒரு பெரிய வீடு, அதற்குள் பத்துப் பன்னிரண்டு தெரிந்த முகங்கள், ஒரு கொலை, வயிறு நோகச் சிரிப்பு. வேறு எந்தப் படம் போட்டாலும் நீங்கள் நித்திரை. பாதியில் நிறுத்தி ஆளுக்கொரு கொலைகாரனைச் சொல்ல வேண்டும், பிழையாகச் சொன்னவர் தேத்தண்ணி போட வேண்டும் என்பது உங்கள் சட்டம்.

நான் கதையைப் பார்க்க மாட்டேன். ஆளைத்தான் பார்ப்பேன். "இவ்வளவு பெரிய நடிகரைக் கூப்பிட்டு, மூலையிலை நிண்டு பேப்பர் படிக்கவோ விட்டிருக்கினம்? உவர்தான்" என்பேன். அனேகமாகச் சரிவரும். "உவள் படம் பாக்க வரேல்லை, சந்தைக்கு வந்திருக்கிறாள்" என்று மச்சாளிடம் முறையிடுவீர்கள். உங்கள் மனைவியான அந்த மச்சாளுக்கோ ஒருவரையும் சந்தேகிக்கத் தெரியாது. "பாவம், உந்தப் பிள்ளை செய்திருக்காது" என்று சொல்லிச் சொல்லியே தோற்றுப்போவார்.

ஒருநாள் கேட்டேன், "அண்ணை, செத்தவீட்டைப் பாத்து இப்பிடிச் சிரிக்கலாமோ?"

"எங்களுக்குத் தெரிஞ்ச சாவுகள் எத்தினை? ஒண்டுக்காவது, இன்னார்தான் செய்தது எண்டு ஆரும் எழும்பி நிண்டு சொன்னவையோ? இதிலை கடைசியிலை எல்லாரையும் இருத்தி வைச்சுச் சொல்லுறாங்கள். அதுக்காகத்தான் பாக்கிறன். சிரிப்பு மேலதிகம்."

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

நீங்கள் திடீரென்று போனீர்கள். இதயம் நின்றுவிட்டது, இரத்தத்தில் சீனி நெடுங்காலமாகக் கட்டுப்பாட்டில் இருக்கவில்லை என்றார் வைத்தியர். செத்தவீட்டிலேயே யாரோ ஒருவர் தொடங்கிவிட்டார்: "மனிசி சாப்பாட்டைக் கவனிச்சிருந்தால் மனிசன் இருந்திருக்கும்." அது மச்சாளின் காதில் விழுந்தது. அன்றோடு அவர் சோற்றைத் தொடவில்லை. தேத்தண்ணியும் இரண்டு மிடறுதான். "நான் அளந்துதானே குடுத்தனான், எப்பிடி ஏறினது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்குப் பின்னால் அவரும் போய்விடுவாரோ என்று எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

எட்டுச் செலவு வந்தது. செத்தவருக்கு விருப்பமானதை எல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். மச்சாள் அடுப்படிக்கு வரவில்லை. ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள் என்று நான்தான் சொன்னேன். உங்கள் மகள் தர்சினி சீனி அரியதரம் சுட்டு வந்தாள். என் மனிசன் சர்க்கரையில் கிண்டிய தொதல் கொண்டுவந்தார். உங்கள் சிநேகிதர் குணம் மாஸ்டர் சைக்கிளில், நனைந்த கடதாசிப் பையோடு வந்து இறங்கினார். பைக்குள் ஐஸ்கிறீம். இலையில் வைத்ததும் அது உருகி, கத்தரிக்காய்க் கறியைச் சுற்றிக்கொண்டு மீன்குழம்பைப் பார்த்து ஓடியது. ஒருவருக்கும் சிரிக்கத் துணிவில்லை.

"மாஸ்டர்," என்றார் மச்சாள். "இவருக்கு ஐஸ்கிறீம் விருப்பம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? கலியாணம் கட்டின நாள் துவக்கம் இவர் அதைத் தொட்டு நான் காணேல்லை."

மாஸ்டர் அந்த ஈரப் பையை நான்காக மடிக்கத் தொடங்கினார். ஈரப் பையை எவராவது அவ்வளவு ஒழுங்காக மடிப்பார்களா? நான் போய் வாசல் படலையைச் சாத்திவிட்டு வந்தேன்.

"ஒருத்தரும் வெளியிலை போகேலாது. மாஸ்டர், சொல்லுங்கோ."

"வெள்ளிக்கிழமையிலை கோயிலாலை வரேக்கை ஒரு கப், பிள்ளை. அவன்தான் கேட்டவன். 'உனக்கு மட்டும்தான் தெரியும், வெளியிலை விட்டிடாதை' எண்டவன்."

"என்ன, உங்களுக்கும் அப்பிடியே சொன்னவர்?" என்று கேட்டுவிட்டுத்தான் என் மனிசன் வாயைப் பொத்தினார்.

"உங்களுக்கும் எண்டால்? தொதலோ?" என்றேன்.

"ஒரு துண்டுதானப்பா. உன்ரை அண்ணை அந்தரப்பட்டுக் கேட்டவர். நீ ஊரைக் கூட்டுவாய் எண்டுதான் சொல்லேல்லை."

தர்சினி அழத் தொடங்கினாள். "மாமி, அப்பா வரேக்கையெல்லாம் அரியதரம் குடுத்தனான். நான் மட்டும்தானே குடுக்கிறன், ஒண்டு என்ன செய்யும் எண்டு நினைச்சன்."

படத்தில் என்றால் கடைசியில் ஒருவரைப் பிடிப்பார்கள். இங்கே மூன்று பேர். மூவரும் தாங்கள் மட்டும்தான் என்று நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையை மூவருக்கும் தனித்தனியே விற்றவர் மாலை போட்ட படத்துக்குள் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

மச்சாள் அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். "கள்ளன்," என்றார். உங்களை ஒருநாளும் ஒருமையில் பேசாதவர். "பச்சைக் கள்ளன்! உன்ரை சீனிக்கு எண்டு நான் குரக்கன் மா அரிச்சு அரிச்சுக் கை தேய்ஞ்சன். நீ ஐஸ்கிறீமோ குடிச்சனீ?"

பிறகு தர்சினியிடம் சோறு போடச் சொன்னார். உங்களைத் திட்டித் திட்டி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த இனிப்புத்தான் உங்களைக் கொண்டுபோனதா? தெரியாது, அண்ணை. வைத்தியரும் அப்படி அடித்துச் சொல்லவில்லை. மச்சாள் கொண்டுபோகவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஆனால் என்னிடம் மட்டும் நீங்கள் ஏன் ஒன்றும் கேட்கவில்லை? கிழமைக்கொருக்கால் என் வாழைப்பழக் கடைக்கு வருவீர்கள். பழுத்த கதலிக்கு முன்னால் நின்று பெருமூச்சு விடுவீர்கள். "வேண்டாமடி, உன்ரை மச்சாள் பேசுவா" என்று கையைக் கட்டிக்கொள்வீர்கள். நானும் போய், "அண்ணை ஒரு பழத்தைக் கூடத் தொடேல்லை" என்று மச்சாளிடம் சொல்வேன். அவர் நிம்மதியாக இருப்பார். ஊரில் எவரையும் நம்பாதவள் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள் என்று கணக்குப் போட்டுத்தானே என்னைச் சாட்சியாக்கினீர்கள்? இத்தனை வருச வியாபாரத்தில் என்னை இப்படி ஒருவரும் ஏமாற்றியதில்லை.

இதை உங்கள் நினைவு மலரில் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். தர்சினி வேண்டாம் என்று கெஞ்சினாள். மச்சாள்தான், "போடட்டும்" என்றார். முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அன்று, கீரிமலையில் கிரியை முடித்து வந்ததும் பந்தியில் ஆளுக்கொன்று கையில் கொடுப்போம். மச்சாளின் கவனக்குறைவுதான் என்று செத்தவீட்டில் கதையைத் தொடங்கியவரும் வருவார். பெயரை நான் எழுதவில்லை, ஏனென்றால் அது யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. கறிச் சட்டியோடு பந்திக்குள் நடந்தபடியே, மலரில் இந்தப் பக்கத்துக்கு வந்ததும் அதை மூடி வைக்கிறவர் யார் என்று பார்ப்பேன். அவரை மச்சாளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இருத்தி, சொன்னதை அவர் வாயாலேயே திருப்பி எடுக்க வைப்பேன். அதற்குப் பிறகுதான் பாயாசம். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் பொய்க்குச் சாட்சி சொன்ன,
ஒரே தங்கச்சி
பூமணி