பல்லக்குத் தண்டின் வெளிமுனை

திருவள்ளூர்,
9-5-1971

சிரஞ்சீவி தேசிகனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் வலது தோள் நீங்கலாக. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பிலாயில் வெயில் கொளுத்துகிறதாமே, மோரை விடாதே, ஓட்டலில் கண்டதைத் தின்னாதே.

சித்திரை உற்சவம் முடிந்தது. நீ வேலைக்குப் போனதிலிருந்து பல்லக்கின் முன்தண்டில் உன் இடமான வெளிமுனையை அப்பாதான் சுமந்து ஒப்பேற்றி வந்தார், உனக்காக. இந்த வருஷம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவரை உள்பக்கம் மாற்றிவிட்டு, வெளிமுனையை எம்பார் சித்தப்பா பிள்ளை யதிராஜனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸத்யபாமா சித்திக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் பிள்ளை என் பிள்ளை என்று காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், பெற்ற பிள்ளையிடம் சொல்ல என்ன வெட்கம்.

சக்கரம் சுற்றும்போது அச்சுக்குப் பக்கத்தில் இருப்பதும் விளிம்பில் இருப்பதும் ஒரே நேரத்தில்தான் சுற்றி முடிக்கும், ஆனால் விளிம்புக்குத்தான் வேகம் அதிகம், இரண்டு பங்கு தள்ளியிருந்தால் இரண்டு பங்கு வேகம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, நம் தெருமுக்கில் பல்லக்குத் திரும்புவதும் அதுதானே. உள்பக்கத்து ஆள் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவார், வெளிமுனைக்காரன் ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வரவேண்டும். யதிராஜனுக்கோ எல்லோரும் ஒரே காலாக வைக்கவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நேர்த்தெருவில் அழகாகத்தான் நடந்தான். முக்கிலும் அதே அளவாய்க் காலை வைத்தான், பல்லக்குத் திரும்பவில்லை. பின்தண்டுக்காரர்கள் தெரியாமல் தள்ளிக்கொண்டே வந்தார்கள். பக்கத்தில் நின்ற பூக்காரி கெங்கம்மாள், "இன்னா மாமி, உங்க பையன் இருந்தப்போ வழுக்கிக்கினு திரும்புமே" என்றாள். தேசிகா, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஸத்யபாமா முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் மொத்தப் பாரமும் உள்பக்கம் நின்ற அப்பாவின் தோளில் இறங்கியிருக்கிறது. தோள் பூரியாக வீங்கிவிட்டது, கையைத் தூக்க முடியவில்லை.

யதிராஜன்தான் அவரைத் தாங்கி வீடு வரைக்கும் அழைத்து வந்தான். தினமும் காலையில் வந்து தைலம் தேய்க்கிறான். மறுநாளே முக்கில் சரியாக ஓடித் திருப்பிவிட்டான் என்று அப்பாவே மெச்சுகிறார். எனக்குப் பொறுக்கவில்லை, அவனை ஏன் இத்தனை கொண்டாடுகிறீர்கள் என்று கேட்டேன். "அவனை நான் தேசிகான்னுதான்டி கூப்பிடறேன், அவனும் ஏன்னு கேட்டுண்டு வந்து நிக்கறான்" என்றார்.

தை உற்சவத்தில் நீ வந்து நின்றால் இடம் உன்னுடையது. இல்லையென்றால் அவனுக்கே நிரந்தரம் என்று முடிவாகிவிட்டது. உன்னைத் தொந்தரவு செய்யாதே, எழுதாதே என்று அப்பா சொன்னார். எழுதிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, தீர்க்காயுசாக இரு. உடனே பதில் போடு. வரமுடியாது என்றாலும் எழுது. அப்பாவுக்கு இப்போது எழுத்துத் தெரிவதில்லை, நான்தான் படித்துக் காட்டுகிறேன். வருவதாகவே படித்துவிடுகிறேன்.

இப்படிக்கு உன் அம்மா,
கோதைநாயகி