காப்பு வளையத்தின் பலம் குறைந்த விவகாரம்

அனுப்புநர்:
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு),
உறுப்பினர் எண் 1174,
கிளை நூலகம்.

பெறுநர்:
நூலக அலுவலர் அவர்கள்,
தலைமை நூலகம்.

பொருள்: சனிக்கிழமை மந்திர ஆட்டம் – காப்பு மந்திரத்தின் மதிப்பு திருத்தப்பட்டது – கூடுதல் விவரமும் வேண்டுகோளும்.
பார்வை: 3ஆம் தேதியிட்ட எனது புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பத்தொரு ஆண்டுகள் கடைத் தராசுகளைச் சோதித்தவன் நான். எடைக்கல்லின் அடியில் ஒட்டிய மெழுகை விரல் நுனியால் கண்டுபிடித்தவன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இவ்விவகாரத்தில் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது தங்களுக்கு விளங்க வேண்டும்.

2. கிளை நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை பிற்பகல்களில் ஆளுக்கொரு வேடம் ஏற்று, தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு ஆடிவந்தோம். நூலகத்தில் புத்தகம் கட்டுபவர்தான் நடுவர். மருந்துக்கடைக்காரர் கோட்டையைத் தாக்கும் தீ மந்திரவாதி. காப்பவர்கள் நானும் என் தங்கையும். நான் வாள்வீரன், அவள் காப்பு மந்திரக்காரி.

3. தங்கை ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே அடுப்பின் கதவு வெடித்துத் திறந்ததில் அவளுடைய கழுத்தும் இடக்கையும் வெந்தன. அன்றுமுதல் வீட்டில் அடுப்பைப் பற்றவைப்பவன் நான்தான். ஆட்டத்தில் தீ மந்திரம் உண்டு என்று தெரிந்ததும் திரும்பிவிடலாம் என்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

4. மந்திரப் பட்டியல் ஓர் அட்டையில் எழுதப்பட்டு அலமாரியில் இருக்கும். ‘நெருப்பு மழை’க்கு நான்கு பகடைகள், விழும் புள்ளிகள் அத்தனையும் சேதம். ‘காப்பு வளையம்’ அதில் பன்னிரண்டைத் தடுக்கும். மூன்றாம் வாரம் அந்தப் பன்னிரண்டு அழிக்கப்பட்டுப் பென்சிலால் பத்தாகியிருந்தது. அடுத்த வாரம் எட்டு. அதற்கடுத்து, எட்டைக் கோடிட்டு அடித்துப் பக்கத்தில் ஐந்து. நீர், காற்று மந்திரங்களில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. கோட்டையின் வடக்கு வாசல் எரிந்தது. என் வீரனும் எரிந்தான். காரணம் கேட்டேன். நடுவர் இருமினார். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்தார்.

5. ஆதாயம் யாருக்கு என்று பார்த்தேன்; மருந்துக்கடைக்காரருக்கு. பகடைகளில் ஒரு பக்கம் கனம் ஏற்றியிருக்கிறதா என்று உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தேன், குறையில்லை. அவருடைய கடைச் சீட்டில் இருந்த எட்டையும் அட்டையில் இருந்த எட்டையும் பூதக்கண்ணாடியில் ஒப்பிட்டேன்; பொருந்தவில்லை. வேண்டுமென்றே கையை மாற்றி எழுதியிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு புகாரை அனுப்பினேன். தாங்களும் 7ஆம் தேதியே அவருடைய உறுப்பினர் அட்டையை முடக்கிப் பின்னறையைப் பூட்டச் செய்தீர்கள்.

6. அன்றிலிருந்து தங்கை என்னோடு பேசவில்லை. நேற்றுக் காலை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அந்த நம்பரையெல்லாம் மாத்தினது நான்தாண்ணா. பன்னெண்டா இருந்தப்ப நெருப்பு வந்தாலும் ஒண்ணும் ஆகல, சும்மா உக்காந்திருந்தேன். கொறைச்சப்புறம்தான் எந்த வாசலைக் காப்பாத்தறது, எதை விடறதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். அந்த ரெண்டு மணி நேரம் எனக்குக் கழுத்து ஞாபகமே வரல.”

மற்றவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“ரெண்டு பேருக்கும் தெரியும். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். தெரிஞ்சா மறுவாரமே பழையபடி பன்னெண்டாக்க வெச்சிருப்ப.”

7. நான் நம்பவில்லை. அவரைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்றே நினைத்தேன். ஒரு தாளில் எட்டு எழுதச் சொன்னேன். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுழிகள் போட்டாள். அட்டையில் இருந்ததும் அதுவே. கூடப்பிறந்தவளின் எழுத்து எனக்கு அடையாளம் தெரியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவளுக்குக் கொடுத்த வாக்குக்காக, செய்யாத தவற்றின் பழியை மருந்துக்கடைக்காரர் இன்றுவரை வாய் திறக்காமல் சுமந்தார் என்பதையும்.

8. ஆயினும் ஒரு சந்தேகம் தீரவில்லை. நேற்றுப் பகல் முழுவதும் நான்கு பகடைகளை இருநூறு முறை உருட்டிக் குறித்தேன். சராசரி பதினான்கு. வளையம் ஐந்தை மட்டும் தடுத்தால், முப்பது உயிர்ப்புள்ளி உள்ளவன் நான்காம் வீச்சில் விழுவான். ஏழு புள்ளியைத் தடுத்தால் ஐந்தாம் வீச்சில்தான் விழுவான். ஏழுதான் நியாயம் என்பது என் கணிப்பு. ஐந்தே போதும் என்கிறாள் தங்கை. இதில் தங்களிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. என் கருத்து கோப்பில் இருந்தால் போதும்.

9. ஆகவே, மருந்துக்கடைக்காரரின் உறுப்பினர் அட்டையை உடனே திருப்பித் தரவும், புகார் பொய்யானது, தவறு என்னுடையது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டவும், வரும் சனிக்கிழமைக்குள் பின்னறையைத் திறந்துவிடவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். அறை திறக்கும் செய்தியை எனக்கு அனுப்ப வேண்டாம். உறுப்பினர் எண் 1175, என் தங்கையின் பெயருக்கே அனுப்பக் கோருகிறேன். இரண்டு ஆண்டுகளாக அவளுக்கு வரும் கடிதங்களை நான்தான் முதலில் பிரித்துப் படித்து வருகிறேன். இதை நான் பிரிக்கமாட்டேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
உறுப்பினர் எண் 1174

இடம்: கிளை நூலக வாசிப்பறை
நாள்: 14 செப்டம்பர்